வலிப்பு கண்ட பிள்ளையும் வகுப்பு உபாத்தியாயரும்

சென்ற ஆனி மாதத்தில், பள்ளிக்கூடங்கள் திறந்து பத்து நாள் ஆவதற்குள், குடியானவர் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்து சேர்ந்தார். பத்திரிகைக்குச் செய்தி கொடுக்க வந்தவர் அல்லர்; நாம் முன்பு வக்கீல் தொழில் நடத்தியவர் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தவர். அவர் கையில் ஒரு மாற்றுச் சான்றிதழ் இருந்தது. நான்காம் வகுப்பை முடித்த ஒன்பது வயதுப் பெண்ணின் சான்றிதழ் அது. பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் “பெற்றோர் விருப்பப்படி” என்று அழகான கையெழுத்தில் கண்டிருந்தது.

“உமது விருப்பப்படியா?” என்று கேட்டோம்.

“எங்கள் விருப்பம் என்ன ஐயா இருக்கிறது? குழந்தைக்கு வகுப்பிலே வலிப்பு வந்துவிட்டது. சுகமான பிறகு அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்” என்றார் அவர்.

அந்தப் பள்ளியின் தலைமை உபாத்தியாயரைப் பிறகு நாம் நேரில் கண்டு பேசினோம். கொடியவர் ஒருவரைக் காணப் போகிறோம் என்று எண்ணிச் சென்ற நமக்கு ஏமாற்றமே மிஞ்சியது. இருபது வருஷத்துக்கு மேல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். தம் சொந்தப் பணத்தில் சிலேட்டு வாங்கிக் கொடுப்பவர். அவர் ஒளிக்காமல் சொன்னார்: “அந்தப் பெண் விழுந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். யாரோ பற்களுக்கிடையில் கரண்டியை வைத்தார்கள். முன்பல் ஒன்று உடைந்து இரத்தம் வந்தது. குழந்தை செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். இன்னொரு முறை அதைப் பார்க்க என்னால் ஆகாது.” அந்தப் பல்லை உடைத்தது வலிப்பு அன்று, கரண்டி. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல அவருடைய இருபது வருஷ உத்தியோகத்தில் ஒருவரும் முன்வந்ததில்லை. பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்திலும் சொன்னதில்லை. அதன் பிறகு அவர் போய்வந்த எத்தனையோ பயிற்சி முகாம்களிலும் சொன்னதில்லை.

இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது இதுவே. வலிப்பு கண்ட குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றுவது பெரும்பாலும் கல்நெஞ்சம் அன்று, பயம். அந்தப் பயத்தைப் போக்க அரை நாள் பயிற்சி போதும். அந்த அரை நாளைக் கொடாமல், வருஷாவருஷம் எத்தனையோ குழந்தைகளின் படிப்பை நாம் பலி கொடுத்து வருகிறோம்.

இது அபூர்வமான நோய் என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் நம்மைப் போன்ற ஏழை தேசங்களிலும் நடுத்தர தேசங்களிலும் இருப்பவர்கள். நம் நாட்டில் நடந்த கணக்கெடுப்புகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஆயிரம் பேருக்கு ஐவர் என்று வைத்துக்கொள்வது மிகையாகாது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் உயர்தரப் பாடசாலையில் நாலைந்து பேராவது இருப்பார்கள் என்று இதற்கு அர்த்தம். முப்பது வருஷம் வேலை பார்க்கும் உபாத்தியாயர் ஒருவர், இப்படிப்பட்ட பிள்ளை ஒன்றையாவது தம் வகுப்பில் காணாமல் ஓய்வு பெறுவது அரிது. காண்பது மட்டும் நிச்சயம். கண்டால் செய்யவேண்டியது என்ன என்ற அறிவு மட்டும் அவருக்கு இல்லை.

நோயின் இயல்பும் மர்மமானது அன்று. மூளையில் உள்ள நரம்பணுக்கள் ஒன்றோடொன்று நுண்ணிய மின்சாரச் சமிக்ஞைகளால் பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கூச்சலிட்டால் என்ன ஆகுமோ, அதுபோல அந்த அணுக்கள் திடீரென்று ஒருசேரக் கட்டுமீறி இயங்கும்போது உடல் விறைக்கிறது, துடிக்கிறது, நினைவு தப்புகிறது. சிறிது நேரத்தில் கூச்சல் தானே அடங்குகிறது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்னும் வைத்தியர் 1924-ல் மனித மூளையின் மின்சார அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து 1929-ல் வெளியிட்டபின், இதைக் காகிதத்தில் கோடுகளாகவே காண முடிந்தது. பேய்க்கும் பிசாசுக்கும் இதில் வேலை இல்லை. எச்சில் பட்டால் ஒட்டாது, தொட்டால் தொற்றாது, பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாது.

ஆயினும் மனித சமூகம் இந்நோயைக் கண்டு நடுங்கியதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. ரோமாபுரியில் ஜனசபை கூடியிருக்கும்போது ஒருவன் வலிப்பு கண்டு விழுந்தால் அதைத் துர்ச்சகுனமாகக் கொண்டு சபையையே கலைத்துவிடுவார்கள். அதனால் லத்தீன் பாஷையில் இந்நோய்க்குச் ‘சபை நோய்’ என்றே பெயர் வந்தது. அதற்கு முன்னரே, கிறிஸ்து பிறப்பதற்கு 400 வருஷங்களுக்கு முன் என்று மதிக்கப்படும் கிரேக்க வைத்திய நூல் ஒன்று, இதில் தெய்வக் குற்றம் ஒன்றும் இல்லை, இது மூளையில் பிறக்கும் நோய் என்று வாதாடியிருக்கிறது. நூல் சொல்லியது; சபை கேட்கவில்லை.

நம் தமிழ்நாட்டிலோ இந்நோய்க்கு முயலகன் என்று ஒரு பெயர் உண்டு. ஆடவல்லானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகனை வடமொழியில் அபஸ்மாரன் என்பர். ஆயுர்வேதத்தில் வலிப்பு நோய்க்கும் அதுவே பெயர். கொல்லிமழவன் என்னும் சிற்றரசனின் மகளுக்கு முயலக நோய் கண்டதையும், திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடி அவளை எழச் செய்ததையும் பெரிய புராணம் கூறும். அந்தக் கதையில் நம் மனத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. மருந்தும் மந்திரமும் பலியாமற் போன அந்தத் தகப்பன் மகளை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கவில்லை. எல்லோரும் வந்து போகும் கோயிலுக்குள்ளே, சந்நிதியிலே கொண்டுவந்து கிடத்தினான். இந்தக் கதையைப் பிரசங்கத்தில் கேட்டுக் கண்ணீர் விடும் நாம், நம் வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் அப்படி ஒரு பெண் உட்கார்ந்தால் இடம் மாற்றச் சொல்லிச் சீட்டு எழுதியனுப்புகிறோம்.

இனி வகுப்பறைக்கு வருவோம். ஒரு பிள்ளை வலிப்பு கண்டு விழுந்துவிட்டால் உபாத்தியாயர் செய்யத்தக்கது என்ன? முதற்காரியம், மணி பார்த்துக்கொள்வது. பதற்றத்தில் ஒரு நிமிஷம் ஒரு யுகமாகத் தோன்றும். ‘அரை மணி நேரம் துடித்தாள்’ என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். உண்மையில் இரண்டு நிமிஷமாயிருக்கும். பெரும்பாலான வலிப்புகள் மூன்று நிமிஷத்துக்குள் தாமாகவே நின்றுவிடுகின்றன. ஐந்து நிமிஷம் கடந்தால் மாத்திரம் அது அபாயம். உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும். ஆகவே கடிகாரமே இங்கு முதல் மருந்து.

அடுத்தபடி, இடிபடக்கூடிய பெஞ்சு, நாற்காலி முதலியவற்றை அப்புறப்படுத்தி, தலையின்கீழ் மடித்த துணியையோ புத்தகப்பையையோ வைக்கவேண்டும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தலாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றலாம். துடிப்பு அடங்கியதும், முடிந்தால் அதற்கு முன்னமேயே, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் நுரையும் மூச்சுக்குழலில் புகாமல் வெளியே வடிந்துவிடும். அவ்வளவுதான். கை கால்களை அமுக்கிப் பிடிக்கலாகாது. பிடித்தால் எலும்பு முறியலாம், தோள் பிசகலாம், வலிப்போ ஒரு விநாடியும் முன்னதாக நிற்காது. வாய்க்குள் கரண்டியோ, துணியோ, விரலோ எதையும் நுழைக்கக் கூடாது. நாக்கை விழுங்கிவிடுவான் என்பது வெறும் கட்டுக்கதை. நாக்கு தொண்டைக்குள் போகாதபடி அடியில் கட்டுண்டிருக்கிறது. ஓரத்தில் சற்றுக் கடிபடலாம். அந்தக் காயம் ஒரு வாரத்தில் ஆறும், உடைந்த பல் முளைக்காது. நினைவு முற்றும் தெளியும்வரை தண்ணீரும் சோடாவும் கொடுக்கக் கூடாது.

இரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சாவியைக் கையில் கொடுத்ததும் வலிப்பு நின்றதைக் கண்ணாரக் கண்டோம் என்பார் உண்டு. சாவியைத் தேடி எடுத்துவர இரண்டு நிமிஷம் ஆகிறது. வலிப்பும் இரண்டு நிமிஷத்தில் நிற்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இரும்பினால் நன்மை இல்லை என்பதோடு போயிற்றா? அதைத் தேடி எல்லோரும் ஓடும்போது குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்க ஒருவரும் இல்லாமற் போகிறார்களே, அதுதான் கேடு.

இன்னும் சில சந்தர்ப்பங்களில் ஐந்து நிமிஷம் காத்திராமல் ஆஸ்பத்திரியை நாடவேண்டும். அந்தப் பிள்ளைக்கு அதுவே முதல் வலிப்பாக இருந்தாலும், ஒன்று நின்று நினைவு திரும்பும் முன் மற்றொன்று வந்தாலும், தலையில் பலத்த அடி பட்டாலும், மூச்சு சீராகத் திரும்பாவிட்டாலும், தண்ணீரில் நேர்ந்தாலும் தாமதம் கூடாது. மற்றபடி, நோய் முன்னமே தெரிந்த பிள்ளை தெளிந்து எழுந்தால், சற்று நேரம் தூங்கவிட்டு, மறுபடி வகுப்பில் உட்காரவைப்பதே சரி. ஒவ்வொரு முறையும் தகப்பனை வயலிலிருந்து அழைத்து வீட்டுக்கு அனுப்பினால், அந்தக் குழந்தை நாளடைவில் வீட்டிலேயே தங்கிவிடும்.

அந்த நேரத்தில் சிறுநீர் பிரிந்து உடை நனைவது உண்டு. தெளிந்து எழும் பிள்ளைக்கு வலிப்பைவிட இந்த வெட்கமே பெரிது. நாற்பது பேர் பார்த்துவிட்டார்களே என்பதற்காகவே பள்ளிக்கூடம் போக மறுத்த பெண்கள் உண்டு. மற்றப் பிள்ளைகளை வெளித் தாழ்வாரத்துக்கு அனுப்பி, ஒரு போர்வையை மேலே போர்த்திவிடுவதற்கு வைத்திய சாஸ்திரம் படிக்கவேண்டியதில்லை. பிறகு வகுப்பினிடம், “உங்கள் தோழிக்கு மூளையில் ஒரு நிமிஷம் மின்சாரக் கோளாறு வந்தது, சரியாகிவிட்டது, இது ஒட்டுநோய் அன்று” என்று உபாத்தியாயர் நிதானமாகச் சொன்னால், அந்தப் பிள்ளைகள் அதை நம்பும். அவர் முகத்தில் பயம் கண்டால் அதையும் நம்பும்.

இதுவரை சொன்னது விழுந்து துடிக்கும் வலிப்பைப் பற்றி. அதைக் குருடனும் அறிவான். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத வலிப்பு ஒன்று உண்டு. அங்கேதான் உபாத்தியாயரின் பயிற்சி இன்னும் அவசியமாகிறது. நாலு வயது முதல் பத்து வயதுக்குள் தொடங்கும் ஒருவகையில், குழந்தை விழுவதும் இல்லை, துடிப்பதும் இல்லை. பேசிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும்போதே பத்து விநாடி அப்படியே நின்றுவிடும்; கண்கள் வெறித்து நோக்கும், இமைகள் சற்றுப் படபடக்கும். பிறகு ஒன்றுமே நடவாததுபோல விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படி ஒரு நாளில் பல பத்து முறை நேரிடலாம். சொல்வது எழுதுதலில் ஒரு வாக்கியத்தின் நடுவில் நாலு சொற்கள் காணாமற்போகும். வாய்பாட்டில் ஏழெட்டு சொன்னவன் பத்துக்குத் தாவுவான். ‘கவனம் இல்லை’, ‘பகற்கனவு காண்கிறான்’, ‘திமிர்’ என்று பெயர் சூட்டி, பெஞ்சின்மேல் நிற்கவைத்த உபாத்தியாயர்கள் எத்தனை பேர்! அந்தப் பத்து விநாடியில் அக்குழந்தைக்குக் கேட்கவும் இல்லை, தெரியவும் இல்லை. நாம் படித்த காலத்தில் எங்கள் வகுப்பிலும் அப்படி வெறித்துப் பார்க்கும் ஒரு பையன் இருந்தான். அவன் உள்ளங்கையில் பிரம்பின் தழும்பு மாறியதே இல்லை. இன்று நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது.

சாதாரணமாகப் பகற்கனவு காணும் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்தாலோ தோளைத் தொட்டாலோ திரும்பிப் பார்க்கும், இது திரும்பாது. கனவு காண்பவன் சலிப்பான பாடத்தில் காண்பான். இதுவோ விளையாட்டின் நடுவிலும், சாப்பிடும்போதும் வரும். தாய் வீட்டில் பத்துக் காரியத்துக்கு நடுவே இதைக் காணாமற்போகலாம். தினம் பல மணி நேரம் குழந்தையின் முகத்தை நேருக்குநேர் பார்ப்பவர் உபாத்தியாயர் ஒருவரே. ஆகையால் இந்நோயை முதலில் கண்டுபிடிப்பவராக அவரே இருக்க முடியும். அவர் ஒரு சீட்டு எழுதி அனுப்பினால், வைத்தியர் குழந்தையைக் காகிதக் காற்றாடி ஒன்றை விடாமல் ஊதச் சொல்லிப் பார்த்தே சில நிமிஷத்தில் சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்வார். மருந்தும் இருக்கிறது, பெரும்பாலோர் வளர வளர இதிலிருந்து விடுபட்டும் விடுகிறார்கள். இடையில் இழந்த படிப்புத்தான் திரும்பி வராது.

மருந்து என்றதும் ‘ஆயுள் முழுவதும் சாப்பிடவேண்டுமாமே’ என்று பயப்படுவார் உண்டு. முறையாக நோயறிந்து சிகிச்சை செய்தால் பத்தில் ஏழு பேர் வரையில் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. குழந்தைகளிற் பலருக்கு, இரண்டு வருஷம் போல வலிப்பின்றிக் கழிந்தபின், வைத்தியர் மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தவும் கூடும். தானாகத் திடீரென்று நிறுத்துவதுதான் பேராபத்து. இதற்குப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமோ என்றால், கர்நாடகத்து எளந்தூர் என்னும் கிராமப் பகுதியில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடைய சகாக்களும் செய்துகாட்டியது போதுமான பதில். 1912-ல் புழக்கத்துக்கு வந்த பீனோபார்பிடல், மற்றும் பெனிடாயின் என்ற இரண்டு மலிவான பழைய மருந்துகளைக்கொண்டே கிராமத்து நோயாளிகளுக்கு அவர்கள் வருஷக்கணக்கில் சிகிச்சை செய்து பலன் கண்டார்கள். அந்த அறிக்கை 2001-ல் லண்டன் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளிவந்தது.

மருந்து கொடுப்பது வைத்தியர்; அது வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூடியவர் உபாத்தியாயர். பீனோபார்பிடல் சில பிள்ளைகளை மந்தமாக்கும், சிலரைப் படபடப்பாக்கும். ‘போன மாதம் முதல் வகுப்பில் தூங்கி வழிகிறாள்’ என்று அவர் எழுதும் ஒரு வரி, மருந்தை மாற்ற வேண்டுமா என்று வைத்தியர் யோசிக்க உதவும். பரீட்சைக் காலத்தில் இராத்தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். வேளை தப்பினாலும் வரும். இதை அறிந்த உபாத்தியாயர், விடிய விடியப் படி என்று அந்தப் பிள்ளையை விரட்டமாட்டார். கிணற்றில் நீந்தவும் மரத்தில் ஏறவும் தனியே விடக்கூடாது என்பதையும் அறிவார். ஆனால் ஓட்டமும் சடுகுடுவும் கூடாது என்று மூலையில் உட்காரவைப்பது அறியாமை. கணிப்பொறியும் ஆகாது என்று பொதுவாக விலக்கி வைப்பதும் அப்படியே. மின்னும் ஒளியால் வலிப்பு காண்பவர்கள் நூற்றுக்குச் சிலரே.

நோயின் காரணங்களைப் பற்றி இங்கு விரித்துரைக்க இடமில்லை. ஆனால் நம் நாட்டுக்கே முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. நாடாப்புழுவின் முட்டை, கழுவாத கையாலும் அசுத்தமான நீராலும் காய்கறியாலும் வயிற்றுக்குள் போய், அதன் குஞ்சு மூளையில் தங்கிக் கட்டியாகி வலிப்பை உண்டாக்குகிறது. முன்பு இத்தகைய சிறு கட்டிகளைக் காசநோய்க் கட்டி என்று கருதிச் சிகிச்சை செய்துவந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் ஆராய்ந்து, அவற்றுள் மிகப் பல இந்தப் புழுவினால் வந்தவை என்று நிலைநாட்டினார்கள். மாமிசம் தொடாத வீட்டுக் குழந்தைக்கும் இது வரும். பள்ளிக்கூடத்தில் சோப்பும் தண்ணீரும் வைக்கவேண்டும் என்று சொல்வதும் வலிப்பைப் பற்றிய பேச்சுத்தான்.

சட்டத்தைப் பற்றி நாம் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால், வந்த குடியானவருக்குத் துரோகம் செய்தவராவோம். இங்கிலாந்தில் 1937-ல் இயற்றிய விவாகச் சட்டம், திரும்பத் திரும்ப வலிப்பு காண்பதை விவாகத்தை ரத்து செய்வதற்குரிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அந்த வாசகத்தைத் தூக்கி எறிந்தார்கள். அவர்கள் எறிந்ததை நாம் பொறுக்கி எடுத்தோம்! சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து, 1976-ல், நமது பார்லிமெண்டு ஹிந்து விவாகச் சட்டத்தைத் திருத்தியபோது, பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து, விவாகத்துக்குத் தடை என்று எழுதிவைத்தது. வைத்தியர்களும் வலிப்பு நோயாளர் சங்கத்தாரும் எடுத்துச் சொல்லி, 1999-ல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. 23 வருஷ காலம் ‘இவர்கள் நம்மைப் போன்றவர் அல்லர்’ என்று சட்டப் புத்தகமே சொல்லிக்கொண்டிருந்தபோது, கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேறுவிதமாக எண்ணுவார்கள் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இன்றைய சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009-ம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமை. 16-ம் பிரிவு எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 17-ம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. ‘பெற்றோர் விருப்பப்படி’ என்று எழுதிவிட்டால் வெளியேற்றம் வெளியேற்றம் ஆகாமற் போய்விடாது. இந்த விஷயத்தில் பள்ளியின் பக்கம் நியாயம் இல்லை.

ஆனால் உபாத்தியாயர்களின் பயத்திலும் ஒரு பகுதி சட்டத்தைப் பற்றியதே. ‘நான் தொட்டு, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் கேஸ் என் தலையில்தானே விழும்?’ என்று நம்மிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சங்கிதையின் 30-ம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது. சம்மதம் பெற அவகாசமில்லாத நிலையில், ஒருவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த காரியம், அப்பிரிவு விதிக்கும் வரம்புகளுக்குள், குற்றமாகாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் விஷயத்தில் பெற்றோரின் சம்மதத்தோடு செய்வதற்கு 27-ம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. பழைய பீனல் கோடிலும் 92, 89-ம் பிரிவுகளாக இவை இருந்தவையே. மெக்காலே காலத்துச் சரக்கு. ஆகவே வருஷ ஆரம்பத்தில் தகப்பனிடமோ தாயிடமோ ஒரு சம்மதச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. அதிலேயே மருந்தின் பெயர், வேளை, வலிப்பு எப்படி வரும், எவ்வளவு நேரம் இருக்கும், யாருக்கு டெலிபோன் செய்யவேண்டும் என்பன இருந்தால், அந்த ஒரு பக்கமே வகுப்புக்குப் போதிய வழிகாட்டி.

மற்ற தேசங்கள் செய்வதும் இதைத்தான். இங்கிலாந்தில் 1899-ல் இயற்றிய சட்டம் ஒன்று, வலிப்பு கண்ட குழந்தைகளைத் தனியே பிரித்துக் கற்பிக்க வழி செய்தது. 2014-ல் இயற்றிய சட்டமோ, நோயுள்ள பிள்ளைகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு அவர்களுக்கு வேண்டியதைச் செய்யும் கடமையைப் பள்ளிகளின்மேல் சுமத்துகிறது. அமெரிக்காவில் கெண்டக்கி மாகாணம் 2018-ல், பள்ளிக்கூட ஊழியர்களுக்கு வலிப்பைப் பற்றிய பயிற்சியைச் சட்டமாகவே செய்தது. பிறகு பல மாகாணங்கள் அதைப் பின்பற்றின. அந்நிய தேசத்து உதாரணம் வேண்டாம் என்பார்க்கு, நம் சண்டீகர் நகரம் இருக்கிறது. அங்கே பள்ளி உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் சோதித்து, அவர்களது அறிவும் மனப்பான்மையும் முதலுதவித் திறமும் மேம்பட்டதை 2014-ல் வெளியிட்டார்கள். 2022-ல் உலகச் சுகாதார மகாசபை, 2031 வரையிலான வலிப்பு மற்றும் நரம்பு நோய்களுக்கான செயல் திட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பாரதமும் அந்தச் சபையின் அங்கத்தினர்.

நம் சர்க்காருக்கு நாம் சொல்வது பெரிய யோசனை ஒன்றும் அன்று. இரண்டு வருஷம் நடக்கும் உபாத்தியாயர் பயிற்சிப் படிப்பில் அரை நாள் ஒதுக்கவேண்டும். அதில் பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் செய்து பழகல். ஒருவரைத் தரையில் படுக்கவைத்து ஒருக்களித்துத் திருப்பப் பழகாதவருக்குப் புத்தகம் உதவாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு, 2013-ல் தொடங்கிய குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிதோறும் வரும் வைத்தியக் குழுவே போதும். அந்தக் குழு கவனிக்க வேண்டிய நோய்களின் ஜாபிதாவில் வலிப்பும் சேர்ந்திருக்கிறது. வரும் நாளில் உபாத்தியாயர்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால், புதிய உத்தியோகமோ புதிய கட்டடமோ தேவையில்லை. வலிப்பு நீண்டால் மூக்கில் தெளிக்கும் மிடஸோலம் மருந்து நம் நாட்டில் கிடைக்கிறது. வைத்தியர் எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கு அது பள்ளியில் இருக்கவேண்டும், தெளிக்கத் தெரிந்தவர் இருவராவது இருக்கவேண்டும். ஆம்புலன்ஸ் வந்துசேர அரை மணி நேரம் பிடிக்கும் ஊர்களில் இது உயிர் காக்கும் காரியம்.

உபாத்தியாயர்கள் தலையில் இன்னும் ஒரு சுமையா என்ற ஆட்சேபம் எழும், அது நியாயமானதே. வோட்டர் ஜாபிதா, ஜனத்தொகைக் கணக்கு, கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டிய புள்ளிவிவரம் என்று கற்பிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்களிடம் சுமத்திவிட்டோம். அவற்றில் எதையேனும் அரை நாள் ஒத்திவைத்தால் தேசம் முழுகிப் போகாது. மேலும், வலிப்பு சுமையாவது தெரியாதவருக்குத்தான். தெரிந்தவருக்கு அது வருஷத்தில் எப்போதோ நேரும் இரண்டு நிமிஷ வேலை.

முதலில் சொன்ன பெண்ணின் விஷயம் நல்லபடியாக முடிந்தது. நாம் கோர்ட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் இன்னும் வாய்தாதான் நடந்துகொண்டிருக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து லேடி டாக்டர் ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளிக்கு வந்து, நான்கு உபாத்தியாயர்களையும் சத்துணவு ஆயாவையும் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். தலைமை உபாத்தியாயரே தரையில் படுத்துக்கொண்டு, தம்மைத் திருப்பச் சொன்னாராம். ஆவணியில் அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். இதற்கிடையில் வகுப்பிலேயே இன்னொரு முறை வலிப்பு கண்டது, ஒன்றரை நிமிஷம். மத்தியானம் கணக்குப் பாடத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று அவளுடைய தகப்பனார் வந்து சொன்னார். ஐந்து நிமிஷம் என்று டாக்டரம்மாள் சொல்லிவிட்டுப் போன அன்றுதான், அந்த வகுப்பில் கடிகாரமே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியவந்ததாம். அடுத்த சந்தை நாளில் அவரே ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கரும்பலகைக்கு மேலே மாட்டிவிட்டு வந்திருக்கிறார்.